நிற்றலும் நிற்றல் நிமித்தமும்

குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்று நிலத்துக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்த நம் இலக்கணக்காரர்கள், காலை எட்டே கால் மணிக்குக் காந்திபுரம் வந்ததில்லை. வந்திருந்தால் ஆறாவதாக ஒரு திணை வகுத்திருப்பார்கள். விட்டுப்போன அந்த வேலையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. திணையின் பெயர் நெரிசல். உரிப்பொருள், நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

முறைப்படி முதற்பொருளும் கருப்பொருளும் சொல்லியாக வேண்டும். நிலம், கோயமுத்தூரும் கோயமுத்தூருக்குப் போகும் வழியும். பெரும்பொழுது, ஆடித் தள்ளுபடி முதல் தீபாவளி வரை. சிறுபொழுது இரண்டு: ஷிப்டுக்கு ஓடும் காலை, பொழுதோட வீடு திரும்பும் நேரம். பறை, ஏர் ஹாரன். யாழ், தனியார் பஸ்ஸின் ஸ்பீக்கர். பண், இளையராஜா. மரம், கறிவேப்பிலை. புள், ஓட்டல் பின்வாசல் காக்கை. உணவு, காளான். தெய்வத்தைப் பிறகு சொல்கிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

மாந்தர் இரண்டே வகை: உட்கார்ந்திருப்பவர், நிற்பவர். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று விரித்துக்கொண்டு போக இடமில்லை. இடம் இல்லாததுதான் இந்தத் திணையின் பிரச்சினையே. பஸ்ஸில் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரும் ஓட்டலில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரும் ஒரே ஆள்தான். ஏக்கமும் ஒன்று, கேள்வியும் ஒன்று: "எந்திரிக்கப் போறீங்ளா?" ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு யோசனை சொல்பவர்கள் எந்த பஸ், எந்த ஓட்டல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை ஆட்டோ ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுந்திருப்பார் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆய்வாளரின் தகுதி

நான் காரமடைக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை; தகுதிச் சான்றிதழாகச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில், கோயமுத்தூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ் புறப்படும் இடம் மேட்டுப்பாளையம். போய்ச் சேரும் இடம் கோயமுத்தூர். காரமடை இரண்டுமில்லை. மேட்டுப்பாளையத்தில் வண்டி காலியாக நிற்கும். அங்கே ஜன்னல் வழியாகத் துண்டு போடலாம், கைக்குட்டை போடலாம், டிபன் கேரியரை நீட்டலாம், அவசரமென்றால் கைக்குழந்தையையே உள்ளே இறக்கி உட்கார வைக்கலாம். அதே வண்டி எங்கள் ஊருக்கு வரும்போது ஜன்னலுக்கு ஒரு தலை தெரியும். ரயிலுக்கும் இதே தலையெழுத்துதான். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரனின் கண்ணெல்லாம் நீலகிரியின் குளிர்மேல் இருந்தது. நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பாசஞ்சர் வண்டியில் 10 ரூபாய்க்குக் கோயமுத்தூர் போய்விடலாம். அந்தப் பத்து ரூபாயில் உட்காருவதும் அடக்கம் என்று ரயில்வே எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தான் உட்கார்ந்து போவான், துடியலூர்க்காரன் சித்தெ நேரம் நின்றால் ஊர் வந்துவிடும், காரமடைக்காரன் முழுக்க நின்று போவான். நிற்பவர் இயலில் ஆராய்ச்சி செய்ய எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் தேருக்குக்கூட நிலை என்று ஓர் இடம் உண்டு. மாசி மகத்துக்கு ஊரைச் சுற்றிவிட்டு அங்கே வந்து நின்றுவிடும்.

இப்போது தெய்வச் சிக்கலுக்கு வருகிறேன். வைணவத்தில் பெருமாளின் கோலம் மூன்று: நின்றது, இருந்தது, கிடந்தது. அரங்கநாதர் என்றாலே கிடந்த கோலம். ஸ்ரீரங்கத்தில் நீட்டி நிமிர்ந்து சயனித்திருக்கிறார், பெர்த் கிடைத்தவர் மாதிரி. காரமடை அரங்கநாதரோ சுயம்பு. காரைப் புதரில் மாடு பால் சொரிந்த இடத்தில் வெளிப்பட்டதாகத் தலக்கதை. ஊர்ப் பெயருக்கும் அந்தக் காரையைத்தான் காரணம் சொல்வார்கள். கல்லாகத் தோன்றிய திருமேனியைப் பார்த்து நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டு கிடைத்ததா இல்லையா என்பதை வெளியே காட்டிக்கொள்ளாத ஒரே பயணி அவர்தான். எனவே நெரிசல் திணைக்குத் தெய்வம் அவரே என்பது எம் துணிபு.

எங்களுக்கும் ஒரு நாள் வரும். தேர் நாளில் சுற்றுவட்டாரம் பூராவும் திரண்டு வந்து எங்கள் ரத வீதியில் நிற்கும். கையில் பந்தம் பிடித்து ஆடி வருவார்கள், தண்ணீர் சேவை செய்வார்கள், வெயிலில் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். நாங்கள் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். வருசத்தில் ஒரு நாள். திண்ணையில் சித்தெ உட்கார்ந்துக்கட்டுங்களா என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கும்போது எங்கள் அப்பச்சி முகத்தில் வந்த அமைதியை, எந்த ஏசி பஸ்ஸில் எந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

எழுவார் குறிகள்

நிற்பவருக்கு ஒரே ஒரு கல்விதான் தேவை. யார் இறங்குவார் என்று முன்கூட்டிக் கண்டுபிடித்து, அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வது. ஜோசியத்தைவிட இது நம்பகமானது. உண்மையா பொய்யா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலாவது, உடைக்குறி. காரமடையில் ஏறியதும் கம்பெனிச் சட்டை போட்டவரைத் தேடுக. பெரியநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இருக்கிறது. 1962-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி நூற்பு இயந்திரங்கள் செய்து உலகத்துக்கு அனுப்பியதாக எல்லோரும் எழுதுகிறார்கள். அது எங்களுக்குச் செய்த உதவியை யாரும் எழுதவில்லை: இவர் இங்கே இறங்குவார் என்று சட்டையிலேயே எழுதி அனுப்பியது. அதே ஊரில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இருக்கிறது. பையும் சாப்பாட்டுக் கூடையுமாக உட்கார்ந்திருக்கும் பையன்கள் அங்கே கூட்டமாக இறங்குவார்கள். ஆனால் அவர்கள் இடத்தை நம்பக் கூடாது. ஏறும்போதே தங்களுக்குள் அடுத்தவனுக்கு எழுதி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, கால்குறி. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசை. நம் ஆட்கள் சீட்டு கிடைத்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். வண்டி குலுங்குகிற குலுங்கலில் செருப்பு சீட்டுக்கடியில் எங்கேயோ போய்விடும். இறங்க இரண்டு ஸ்டாப் இருக்கும்போது, முகம் ஜன்னலைப் பார்த்தபடியே இருக்க, கால் மட்டும் கீழே துழாவ ஆரம்பிக்கும். பெருவிரல் ஒரு வாரைத் தொடும்; அது பக்கத்து ஆளுடையது; விட்டுவிட்டு மறுபடி துழாவும். மூன்றாவது துழாவலில் சொந்தச் செருப்பு மாட்டியதும் ஆள் ஒரு அங்குலம் நிமிர்வார். அந்த ஒரு அங்குலத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

பைக்குறி என்பது காலுக்கடியில் இருந்த பை மடிக்கு வருவது. மடியில் இருந்த பை தோளுக்கு ஏறினால் அது குறியில்லை, முடிவு. போன்குறியை மட்டும் நம்பாதீர்கள். "ஆமாங், வந்துட்டனுங், ரெண்டே நிமிசம்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு நான் ஜோதிபுரத்திலிருந்து வடகோவை வரை பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

தூங்குபவர் தனி வகை. உண்மைத் துயில் கொள்பவர் தலை முன்னால் விழும், வாய் திறந்திருக்கும். கடைசி ஸ்டாப் வரை எழமாட்டார். இன்னொரு துயில் உண்டு. கைக்குழந்தையோடு ஓர் அம்மணி ஏறும் கணத்தில் தொடங்கி, இவர் இறங்கும் இடத்துக்குச் சரியாக ஐம்பதடி முன்னால் முடிவது. எல்லாம் தெரிந்தபடியே தூங்குவதைப் பெருமாளுக்குச் சொல்லும்போது அறிதுயில் என்பார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் அதைத் தினமும் காலையில் தரிசிக்கலாம்.

பாலைத்திணை அறிஞர்களுக்கு இந்த ரோட்டில் ஒரு செய்தி இருக்கிறது. கொங்கு நாட்டில் மெயின் ரோட்டிலிருந்து கிளை ரோடு பிரியும் இடத்துக்குப் பிரிவு என்றுதான் பெயர். வீரபாண்டி பிரிவு, வெள்ளக்கிணறு பிரிவு என்று கண்டக்டர் கூவிக்கொண்டே வருவார். சங்கத் தலைவிக்குப் பிரிவு என்றால் வளை கழன்றது, பசலை படர்ந்தது. எங்களுக்குப் பிரிவு என்றால் நான்கு பேர் இறங்குவார்கள். பிரிவைக் கேட்டு நெஞ்சு பூரிக்கும் ஒரே தமிழ் நிலம் இதுதான்.

சித்தெ என்னும் உரிச்சொல்

இடம் பிடிக்கும் கலையில் மொழியின் பங்கை விட்டுவிடக் கூடாது. மற்ற ஊர்களில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேர் உட்காருவார்கள். எங்கள் பக்கம் நான்காவது ஆள் வருவார். அவர் கையில் இருப்பது ஒரே ஒரு சொல். "சித்தெ நவுந்து உக்காருங்க."

சித்தெ என்றால் சற்று, கொஞ்சம். இடத்தைக் குறிக்கிறதா நேரத்தைக் குறிக்கிறதா என்று தெளிவாகத் தெரியாதபடி சொல்வதில்தான் அதன் வலிமை. கொஞ்சம் இடம் என்று நினைத்து நீங்கள் நகர்வீர்கள். கொஞ்ச நேரம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வீர்கள். இரண்டும் இல்லை என்பது துடியலூர் தாண்டும்போது புரியும். அப்போது உங்கள் உடம்பில் பாதி நடைபாதையில் தொங்கிக்கொண்டிருக்கும், நான்காமவர் சாய்ந்து உட்கார்ந்து ஊர் நாயம் பேசிக்கொண்டிருப்பார். கோபப்படவும் முடியாது. ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் 'ங்க' கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் உங்களைக் கீழே தள்ளும்போது விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

கண்டக்டர்கள் பேசுவது வேறு தத்துவம். படியில் ஆறு பேர் தொங்க, உள்ளே மூச்சு விட முறை வைத்திருக்க, அவர் பின்னாலிருந்து சொல்வார்: "உள்ளார போங்க, உள்ள காலியா கெடக்குதுங்க!" இருப்பதை இல்லை என்று வாதித்த சூனியவாதிகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். இவர் மறுமுனை. இல்லாத காலியிடத்தைப் பதினைந்து வருசமாகத் தினமும் கண்ணால் காண்கிறார். நாங்களும் ஓரடி உள்ளே போய்விடுகிறோம். இடம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கலாம்.

ஒரு நாள் காலை, ஏறும்போதே காலில் ஈரச் சாக்கு மூட்டை ஒன்று இடறியது. கறிவேப்பிலை. எங்கள் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கறிவேப்பிலைதான். உள்ளூருக்கும் கேரளத்துக்கும் இங்கிருந்து போகிறது. மூட்டைக்குச் சொந்தக்கார ஆத்தா, "காலச் சித்தெ தூக்கு சாமி" என்று என் காலைத் தூக்க வைத்து, மூட்டையை என்ஜின் பக்கம் தள்ளி, தானும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆத்தாவுக்குக் காசில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், மூட்டைக்கு லக்கேஜ் போட்டார். "என்னைய சும்மா ஏத்திக்கறீங்க, தழைக்குப் போயிக் காசு கேக்கறீங்க" என்றது ஆத்தா. வண்டியே சிரித்தது. அந்த மூட்டை இரண்டு ஆள் இடத்தில் சௌகரியமாகச் சாய்ந்து காந்திபுரம் வரை வந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை வரும்.

இடைப்பிறவரல்: எதிர்த்திசைப் பயணம்

நின்று நின்று கால் வலித்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோயமுத்தூர் போக வேண்டியவர் முதலில் எதிர்ப்பக்கம் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவார். அங்கே இறங்கி, காலி வண்டியில் ஜன்னலோரம் பிடித்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு தன் ஊர் வழியாகவே திரும்பி வருவார். காரமடை ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும் தன் சொந்த மைத்துனரை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையசைப்பார். செலவு, ஒரு டிக்கெட்டும் அரை மணி நேரமும். வரவு, அந்தத் தலையசைப்பு. லாபகரமானது என்பதே என் கணக்கு.

இறங்கும் இடம் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூருக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு இருப்பதாக நினைத்து வருபவர்கள் முதல் நாளே திருந்திவிடுவார்கள். ஊட்டி, மேட்டுப்பாளையம் வண்டிகளுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒன்று; சேலம், ஈரோடு பக்கத்துக்குக் காந்திபுரம்; பொள்ளாச்சி, பழனிக்கு உக்கடம்; மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர். வடக்கிருந்து வந்து தெற்கே போகிறவர், ஊருக்குள்ளேயே ஒரு முழுப் பயணம் நின்றாக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்க வெள்ளலூரில் 2020-இல் ஒருங்கிணைந்த பஸ் ஸ்டாண்டு கட்டத் தொடங்கினார்கள். அதுவும் நின்றுவிட்டது. திணை ஒழுக்கம் கட்டடங்களையும் விடவில்லை.

பஸ்ஸும் பந்தியும் ஒன்றே என்ற என் கொள்கைக்கு ஒரு முன்னோடி உண்டு. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதே போல ஒன்று வாங்கக் கோயமுத்தூர் வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து வண்டியும் வாங்கினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, அதை யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்த்தார். எதற்கெல்லாமோ இயந்திரம் செய்தார்: சவரம் செய்ய, ஓட்டுப் போட. அவரை விஞ்ஞானி என்கிறார்கள். நான் வேறு கோணத்தில் பார்க்கிறேன். ஒரு பக்கம் மேசையருகே நின்று பரிமாறியவர், மறுபக்கம் ஊரையே பஸ்ஸில் உட்கார வைத்தவர். நெரிசல் திணையின் இரு துறைகளிலும் கை வைத்த ஒரே மேதை. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தைத் திறந்து அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கார்கள் அதில் நிற்காமல் பறக்கின்றன. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கீழே, பாலத்தின் நிழலில் நிற்கிறார்கள். நிழலுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இலைநிலை

மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸில் நுழைகிறீர்கள். "சிங்கிளுங்களா?" என்பார் சர்வர். ஆமாம் என்றதும் உங்களை ஒரு நாற்காலியிடம் அனுப்ப மாட்டார், நாற்காலியில் இருப்பவரிடம் அனுப்புவார். "அங்க அண்ணன் முடிச்சிருவாருங்க, பின்னால நில்லுங்க." அந்த அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் இலையைப் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறவர் இலையைப் பார்க்காதே, கண்ணு பட்டுரும் என்று சொல்லித்தான் எங்கள் அமுச்சி வளர்த்தார். ஆராய்ச்சிக்காக அந்த விதியை மீறியிருக்கிறேன்.

பஸ்ஸுக்குப் பிரிவுகள் போல இலைக்கும் ஸ்டாப் உண்டு. சாம்பார் என்றால் காரமடை தாண்டவில்லை. ரசம் வந்தால் துடியலூர். மோர் வந்துவிட்டால் வடகோவைப் பாலம் ஏறியாயிற்று, இனி இறங்க வேண்டியதுதான். அப்பளத்தைக் கவனிப்பது நல்லது. அதை முதலிலேயே நொறுக்கித் தின்றவர் அவசரக்காரர், விரைவில் எழுவார். இலையின் மூலையில் முழுசாகக் காப்பாற்றி வைத்திருப்பவர் நிதானஸ்தர், மோருக்கென்று சேமிக்கிறார், அவருக்குப் பின்னால் நிற்காதீர்கள். முழுச் சாப்பாட்டுக்காரரைவிட அளவுச் சாப்பாட்டுக்காரர் உத்தமம். சோறு அளந்து வருவதால் நம் காத்திருப்பும் அளவோடு முடியும். பாயசம் பொய்க்குறி; சில இடங்களில் அதை முதலிலேயே வைத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து இலையையும் மடித்துவிட்டு, "ஒரு காப்பி" என்பவரைப் பற்றி எழுத எனக்கு நாகரிகம் இடம் தரவில்லை.

இந்தக் கொள்கையை ஒரு நாள் ஒருவர் உடைத்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த சீட்டைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று ஊகித்தேன். நான் வரும்போதே மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பளம் இல்லை. ஊறுகாய் தீர்ந்திருந்தது. எல்லாக் குறிகளும் பொருந்தின. கடைசிக் கவளத்தை வாயில் போட்டார். இலையின் மேல் பாதியில் கை வைத்தார், மடிக்கத்தான். அப்போது கொள்ளு ரசத்தின் வாசனை எங்கிருந்தோ வந்தது. கையை எடுத்தார். "ஏந்தம்பி, அது கொள்ளு ரசமா? அப்ப சோறு சித்தெ வையுங்க."

சர்வர் வைத்தது சித்தெ இல்லை. அவர் மறுபடி ரசத்திலிருந்து ஆரம்பித்தார். அதாவது வடகோவையில் இறங்க எழுந்த ஆள், துடியலூரில் போய் மறுபடி ஏறிக்கொண்டார். பின்னால் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்மூட்ல வெக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றார். அவர் சாப்பிட்டதைப் பார்த்தபோது, உண்மையிலேயே எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டை விட்டு முப்பது கிலோமீட்டர் நின்றே வந்த மனுசன் எங்கேயாவது ஓரிடத்தில் உட்கார்ந்து வீட்டு ரசத்தைச் சந்திக்கத்தான் வேண்டும். வேறு மேசைக்குப் போய் நின்றேன்.

இட்லி நேரத்தில் இவ்வளவு கஷ்டமில்லை. 1960-களில் தொடங்கிய அன்னபூர்ணா, சாம்பாரில் மிதக்கும் இட்லியை இந்த ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. சாம்பார் இட்லி வேகமாக முடியும் பண்டம், கரண்டியால் சாப்பிடுவது, கை கழுவக்கூட எழ வேண்டாம். எனவே எழும் குறியும் மங்கல். கிண்ணம் காலியான பிறகு அடியில் இருக்கும் சாம்பாரைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்கும், அதுவே குறி. அப்படிச் சுரண்டியவர் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். நான்கைந்து கறிவேப்பிலை வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தார். காலையில் லக்கேஜ் போட்டு, ரெண்டு ஆள் இடத்தில் சாய்ந்து வந்த தழை. ஊருக்குள் நுழைந்ததும் அதற்கும் ஓரத்தில் நிற்கத்தான் வாய்த்தது.

ஓட்டல் சாப்பாட்டுக்கும் இலக்கணத்துக்கும் உள்ள உறவை அரசாங்கமே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பமும் இந்த ஊரில்தான் நேர்ந்தது. 2024 செப்டம்பரில் கோயமுத்தூரில் நிதியமைச்சர் கலந்துகொண்ட தொழில் துறையினர் கூட்டத்தில், அன்னபூர்ணா அதிபர் சீனிவாசன் எழுந்து பன்னையும் கிரீமையும் பற்றிக் கேட்டார். வெறும் பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்பது அன்றைக்கு அவர் முறையீடு. வாடிக்கையாளர்கள் தனித்தனியாகக் கொடு, நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். சிரிப்பும் அதன் பின் வந்த சர்ச்சையும் நாடு முழுக்கப் பரவின. அரசியல்வாதிகள் அரசியலைப் பார்த்தார்கள். நான் பார்த்தது திணையை. அன்றைய கணக்கில், பிரிந்திருந்தால் பாலை, வரியில்லை. சேர்ந்தால் குறிஞ்சி, 18 சதவீதம். உரிப்பொருளை வைத்து வரி போடும் வழக்கம் உலகில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

புறனடை

மேற்சொன்ன விதிகளெல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. பொழுதோட ஆறு மணிக்குமேல், ரோட்டோரம் தள்ளுவண்டியில், பெரிய தட்டையான கல்லில் செக்கச் சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும் காளான்.

காளான் என்று பெயரே தவிர, அதில் காளான் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. முட்டைக்கோஸ்தான் முக்கால்வாசி. மாவில் பிசைந்து உருட்டிப் பொரித்து, பிறகு கல்லில் போட்டுக் கரண்டியின் விளிம்பால் டக் டக்கென்று கொத்தி, மசாலாக் கரைசலை ஊற்றிக் கொதிக்க விட்டு, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் தட்டைக் கிளறிக் கிளறி, "இதுல காளான் எங்கடா?" என்று கேட்டார். மைசூர்பாகில் மைசூரைத் தேடுவாரா? முட்டைக்கோஸில் முட்டையைத் தேடியவர்தானே இவர் என்று விட்டுவிட்டேன்.

அந்த வண்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஐடி கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்குபவர், பட்டறையில் கரி படிந்த கையோடு வந்தவர், காலேஜ் பெண்கள், துணிக்கடைப் பையோடு ஒரு குடும்பம். எல்லோரும் நின்றுகொண்டே ஊதி ஊதித் தின்பார்கள். யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் காத்திருப்பதில்லை. யாரும் யார் தட்டையும் பார்ப்பதில்லை. அங்கே நாற்காலியே கிடையாது. ஆராய்ச்சி தொடங்கி இத்தனை காலத்துக்குப் பிறகு, அந்தப் புகைக்கு நடுவில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து அந்த வண்டிக்குப் பக்கத்தில் போட்டால் போதும், அத்தனை பேரும் அடுத்த நிமிடமே நிற்பவர்கள் ஆகிவிடுவார்கள். அதுவரை அவர்கள் சாப்பிடுபவர்கள்தான்.

காளான்காரரிடம் இதைச் சொன்னேன். "பெஞ்சு போட்டா ஆளு எந்திரிக்க மாட்டாங்க, யாவாரம் ஆகாதுங்க" என்றார். இரண்டு கூற்றும் ஒன்றுதான் என்று குறித்துக்கொண்டேன்.

மீட்சி

திரும்பும் பயணம் காரமடைக்காரனுக்கு வேறு பிறவி. கோயமுத்தூர் வண்டி புறப்படும் இடம். இங்கே நாங்களும் துண்டு போடலாம். பிளாட்பாரத்துக்குள் வண்டி வளையும்போதே ஓடி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, துண்டை உதறி வீசி, பிறகு நிதானமாகப் படி வழியாக ஏறி, ஏற்கெனவே அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டவரிடம் துண்டைக் காட்டினால் அவர் பேசாமல் எழுந்துவிடுவார். பத்திரம் பதிந்த நிலத்துக்குக்கூட இந்த நாட்டில் இத்தனை மதிப்புக் கிடைப்பதில்லை.

போன வாரம் அப்படித்தான் ஜன்னலோரம் கிடைத்தது. செருப்பைக் கழற்றினேன். பையைக் காலுக்கடியில் தள்ளினேன். கவுண்டம்பாளையம் வருவதற்குள் நடைபாதை நிறைந்துவிட்டது. என் தோளருகே ஒருவர் வந்து நின்றார். என் சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் குனிந்து என் கால்களைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர்.

"ஏனுங், துடியலூருங்களா?"

"இல்லீங், காரமடைங்க."

முகம் விழுந்தது. ஆனாலும் வேறு பக்கம் நகர இடமில்லை, அங்கேயே நின்றார். வெள்ளக்கிணறு பிரிவு தாண்டும்போது காலுக்கடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தேன். அவர் சட்டென்று கால் மாற்றி நின்று, கம்பியை இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் விட்டு, செருப்பைத் தேடுவது போலக் காலால் ஒரு துழாவு துழாவினேன். அவர் தன் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பையை மறுபடி காலுக்கடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.